சைக்கிள் கொடுத்தீங்க, ஓட்ட இடம்?

பிளஸ் ஒன் படிக்கும்போது எனக்கும் அரசு சைக்கிள் கிடைத்தது. 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்த திட்டம், பிறகு அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் ஓட்டுவதற்கு இடம்? அதைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் புலம்பல். :-)

அந்த சைக்கிளை இப்போது ஓட்டுவது அப்பா. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் தறி. சேலை அறுத்ததும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு காந்தி ரோட்டுக்குக் கிளம்பிவிடுவார். போன வைகாசியில் ஒரு கார் அவரை உரசித் தள்ளிவிட்டுப் போய்விட்டது. விழும்போதும் பையை விடவில்லை மனுஷன். சேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது மணிக்கட்டில்தான் எலும்பு விரிசல். ஆறு வாரம் தறி ஓடவில்லை. ஆறு வாரம் தறி நின்றால் வீடு எப்படி இருக்கும் என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி, "ஓரமா போயிருக்கலாமே" என்றார்கள். ஓரத்தில் வேன் நிற்கிறது. வேனுக்கு அந்தப் பக்கம் கடைப் பலகை. அதற்கும் அந்தப் பக்கம் சாக்கடை!

பணமே வரவில்லை என்றும் சொல்ல முடியாது. 2015-ல் மத்திய அரசு 'ஹிருதய்' திட்டத்துக்கு எடுத்த 12 பாரம்பரிய நகரங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. சுமார் 23 கோடி ரூபாய், முழுக்க மத்திய அரசுப் பணம். பழமையான இடங்களைச் சுற்றி நடைபாதை, விளக்கு, வடிகால் எல்லாம் அந்தத் திட்டத்தில் உண்டு. 2019 மார்ச்சோடு முடிந்துவிட்டது. இந்த மாதிரிப் பணத்தில் கல் பதிக்கலாம். பெயர்ந்த கல்லை நாலு வருஷம் கழித்து யார் பதிப்பது? தவிர, அது கோயில் பார்க்க வருகிறவர்களை நினைத்துப் போட்ட கணக்கு. தறியிலிருந்து கடைக்குப் போகிற ஆள் அதில் எங்கே வரப்போகிறார்?

சென்னை மாநகராட்சி 2014-ல் ஒரு கொள்கை கொண்டுவந்தது. போக்குவரத்துக்கான பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடக்கிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும். சொன்னபடி நடந்ததா என்று சென்னை நண்பர்களைக் கேட்டால் சிரிக்கிறார்கள். இருக்கட்டும். வருஷா வருஷம் பட்ஜெட்டில் ஒரு பங்கு என்ற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. நாங்களும் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டோம். 60 வேண்டாம், 10 சதவீதம் எழுதி வையுங்களேன். வேனை நகர்த்த ஒரு ஆள் போட அது போதும்.

நடக்காத காரியம் என்பவர்களுக்கு 2019 ஜூலை, ஆகஸ்டை ஞாபகப்படுத்துகிறேன். அத்திவரதர் தரிசனம் நடந்த 48 நாளும் வெளியூர் வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு சனம் மினி பஸ்ஸிலும் காலாலும்தான் வந்தது. கூட்டத்தில் நாங்கள் பட்ட பாடு தனிக் கதை. ஆனாலும் வண்டியை நிறுத்த முடியும் என்று தெரிந்துபோச்சு இல்லையா?

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "கார்ல வர்றவங்கதான்டா சேலை வாங்கறாங்க" என்றார். அதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை.

இப்போதெல்லாம் ரோடு காலியாக இருக்கும் என்று காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுகிறார். கடை திறக்கிற வரை பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறார்.