பிக்கப்புக்கு ஸ்பீக்கர் மாட்டின கதை

அக்கா பையன் பிக்கப் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகுது. வட்டவடையில காரட், கோஸ், உருளை, பூண்டுன்னு எது விளையுதோ அதை ஏத்திக்கிட்டு, மூணாறு வழியா மறையூர், சின்னாறு தாண்டி உடுமலைக்கு ஒரு நாள், போடிமெட்டு இறங்கி தேனிப் பக்கம் ஒரு நாள்னு ஓடிக்கிட்டு இருக்கான். செகண்ட் ஹேண்ட் வண்டி. பேங்க் லோன். (மாமா பேங்க்ல ஆபீசர்னு சொன்னா ஈ.எம்.ஐ.யைத் தள்ளுபடி செய்வாங்களா என்ன!)

போன டிசம்பர்ல பஹ்ரைன்ல எனக்கு அவன்கிட்டேருந்து ஒரு வாட்ஸ்அப். "மாமா, 12 இஞ்ச் சப்வூஃபர் ஒண்ணு, ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு. அங்க விலை கம்மியாமே, கார்கோல போட்டு விடுங்களேன்." கூடவே நாலு போட்டோ. அரை மணி நேரம் கழிச்சு அக்கா போன். "தம்பி, அவன் கேக்கறதை வாங்கி அனுப்பிடாதே. இப்பவே பாட்டுச் சத்தத்துல நான் போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கறான். ராத்திரில யானை நிக்கிற ரோடு அது."

ரெண்டு பேர் சொல்றதும் நியாயம். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் தனியா அந்தக் கேபினுக்குள்ள உக்காந்திருக்கிறவன் அவன். பாட்டு இல்லாம அந்த வேலை ஆகாது. அதே சமயம் பெத்தவளுக்கு இருக்கிற பயம் சும்மா வர்ற பயமும் இல்ல.

வட்டவடை தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுகா. மூணாறுலேருந்து மாட்டுப்பட்டி, டாப் ஸ்டேஷன் வழியா சுமார் 45 கிலோமீட்டர். கேரளா ரேஷன் கார்டு, வீட்டுல தமிழ். படிப்படியா வெட்டின தோட்டம், ஊரே காய்கறி. எங்க பூண்டுக்கும் காந்தல்லூர் பூண்டுக்கும் சேர்த்து புவிசார் குறியீடு கூட கிடைச்சிருக்கு. ஊருக்குப் போற வழியில பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா. ரோடு அந்தக் காட்டுக்குள்ளயேதான் போகுது. மூணாறு பக்கம் படையப்பான்னு ஒரு கொம்பன் இருக்கிறது உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். 1999 ரஜினி படத்துப் பேரு. நடுரோட்டுல நின்னு வண்டிகளை நிறுத்தி, காய்கறிக் கடையில புகுந்து சாப்பிட்டு பல தடவை டி.வி. செய்தியில வந்தவர். நம்ம ஆளு வண்டி முழுக்க காரட்டும் கோஸும் ஏத்திக்கிட்டு அந்த ரோட்டுல வர்றான். அக்கா ஏன் பயப்படுதுன்னு இப்பப் புரியுதா?

பிப்ரவரி லீவுல ஊருக்குப் போறப்போ பாத்துக்கலாம்னு ரெண்டு பேரையும் சமாதானப்படுத்தினேன். அதுக்கு முன்னாடி வீடியோ கால்ல வண்டியைக் காட்டச் சொன்னேன். முந்தின ஓனர் சீட்டுக்குப் பின்னால ஒரு பலகை அடிச்சு, ரெண்டு ஓவல் ஸ்பீக்கர் வச்சிருந்தாரு. காதுக்கு நேர் பின்னால! பலகை ஒரு பக்கம் ஆடுது, கோன் ஒண்ணு கிழிஞ்சிருக்கு. "இதுல என்னடா கேக்குது?"ன்னேன். "வார்த்தை புரியல மாமா, அதான் சத்தமா வைக்கறேன்"ன்னான்.

நோய் அதுதான். பாட்டு தெளிவா இல்லைன்னா கை தானா வால்யூமைத் திருகும். அப்போ அவனுக்குத் தேவை தெளிவு. அது கிடைச்சா சத்தம் தானா குறையும், அக்காவோட பாதிக் கவலையும் குறையும். இதை மனசுல வச்சுக்கிட்டுத்தான் கணக்குப் போட உக்காந்தேன்.

முதல்ல வாட்ஸ் கணக்கு. டேப்ரெக்கார்டர் காலத்துல 'பி.எம்.பி.ஓ. 1000 வாட்ஸ்'னு ஸ்டிக்கர் ஒட்டி வரும், ஞாபகம் இருக்கா? அதோட பேரப்பிள்ளைதான் 'பீக் பவர்'. பி.காம். படிச்ச எனக்குப் புரியற பாஷையில சொன்னா, பீக் பவர் மொத்த விற்பனை, ஆர்.எம்.எஸ். தான் நிகர லாபம். அவன் வண்டி ஸ்டீரியோவுல '50 x 4'னு போட்டிருக்கு. எஞ்சின் ஓடும்போது பேட்டரி லைன்ல சுமார் 14 வோல்ட். உச்சம் 14 வோல்ட்னா ஆர்.எம்.எஸ். சுமார் 10. பத்தைப் பத்தால பெருக்கி, ஸ்பீக்கரோட 4 ஓமால வகுத்தா 25 வாட். உள்ளே போற நஷ்டத்தைக் கழிச்சா ஒரு சேனலுக்கு 20 வாட் சுத்தமா வந்தா பெரிய விஷயம். மீதி முப்பதும் அட்டைப்பெட்டியில மட்டும்தான் இருக்கு.

அந்த 20 வாட்டை வச்சுக் குடும்பம் நடத்தணும்னா பாக்க வேண்டியது சென்சிடிவிட்டி. ஒரு வாட் குடுத்தா ஒரு மீட்டர் தூரத்துல எத்தனை டெசிபல்ங்கிற கணக்கு. 3 டெசிபல் கூடணும்னா வாட்டை ரெண்டு மடங்கு ஆக்கணும். 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு 80 வாட் குடுத்து வர்ற சத்தம், 92 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட்டுலயே வந்துடும். ஆம்ப்ளிஃபயர் செலவு மிச்சம்! இதுலயும் ஒரு சின்ன எழுத்து உண்டு. சில கம்பெனி '2.83 வோல்ட்'டுல அளந்து போடுவாங்க. 4 ஓம் ஸ்பீக்கர்ல அது 2 வாட். அதனால அந்த எண்ணுலேருந்து 3 கழிச்சுட்டுத்தான் மத்ததோட ஒப்பிடணும். பேலன்ஸ் ஷீட்ல அடிக்குறிப்பு படிக்கிற பழக்கம் இங்கயும் உதவுச்சு.

அடுத்தது சப்வூஃபர். நேரா 'வேண்டாம்'னு சொன்னா மாப்ள மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவான். அதனால கணக்கைக் காட்டினேன். நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வெடிக்கும். 2,400 ஆர்.பி.எம்.ல ஏறும்போது வினாடிக்கு 80 தடவை, அதாவது 80 ஹெர்ட்ஸ். 1,500ல 50 ஹெர்ட்ஸ். சப்வூஃபர் வேலை செய்யற இடமும் கிட்டத்தட்ட அதே 40லேருந்து 80. லோடோட மலை ஏறும்போது எஞ்சினும் சப்வூஃபரும் ஒரே சுதியில மல்லுக்கட்டும். எஞ்சினை ஜெயிக்கற அளவுக்குச் சத்தம் வச்சா வேற எதுவுமே காதுல விழாது. அந்தப் பெட்டியை வைக்கவும் சீட்டுக்குப் பின்னால ஒரு ஜாண் இடம்தான். அங்கதான் அவன் போர்வை, ஜாக்கி, தண்ணி கேன் எல்லாம். பாடறவங்க குரலோட உயிர் 300லேருந்து 3,000 ஹெர்ட்ஸ்குள்ள இருக்கு. அது எஞ்சினோட அந்த அடிச்சுதிக்கு எட்டாத இடம். அதைத் தெளிவாக் குடுக்கிற ஸ்பீக்கர் போதும். அவன் கேக்கறதெல்லாம் எங்க மலைக்குக் கீழ இருக்கிற பண்ணைப்புரத்துக்காரர் பாட்டு. இளையராஜா பாட்டுல பேஸ் கிதாரோட நெளிவு எல்லாம் நல்ல ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர்லயே காட்டிக்குடுக்கும்.

கொச்சியில இறங்கினதும் எர்ணாகுளத்துலயே ஒரு ஜோடி ஆறரை இஞ்ச் கோஆக்ஸியல் வாங்கினேன். வாரண்டி, பில் எல்லாம் அங்கயே. மூணு விஷயம்தான் பாத்தேன்: சென்சிடிவிட்டி 91க்கு மேல, கோன் பாலிப்ரொப்பிலீன், ஆழம் 58 மில்லிமீட்டருக்குள்ள.

கோன் ஏன் பிளாஸ்டிக்? கதவுக்குள்ள தண்ணி வராதுன்னு நாம நினைக்கறோம். வரும். கண்ணாடி வழியா இறங்குற மழைத்தண்ணி கதவுக்குள்ள போய், அடியில இருக்கிற ஓட்டை வழியாத்தான் வெளியே போகுது. மூணாறு மழையிலயும் பனியிலயும் காகிதக் கோன் ரொம்ப நாள் தாங்காது. ரிங் செய்ய எம்.டி.எஃப். பலகை வேண்டாம்னதும் இதே காரணம்தான், தண்ணி பட்டா ஊதிடும். மெரைன் பிளைவுட்ல வெட்டி ரெண்டு கோட் பெயின்ட் அடிச்சோம்.

இப்ப மாட்டுற படலம். ஸ்பீக்கர் விலையில பாதியை இதுக்குச் செலவு பண்ணினா தப்பே இல்ல.

கதவு அட்டையைக் கழட்டி, கண்ணாடியை முழுசா இறக்கிட்டு அளந்தோம். கண்ணாடி மேல இருக்கும்போது அளந்தா எல்லாம் சரியாத்தான் தெரியும், அப்புறம் இறக்கும்போது காந்தத்துல இடிக்கும். தகட்டுலேருந்து கண்ணாடிக்கு 52 மி.மீ. ஸ்பீக்கர் ஆழம் 58. அதனால 12 மி.மீ. ரிங். 64ல 58 போக 6 மி.மீ. இடைவெளி. முன்பக்கமும் பாக்கணும். கண்ணாடி சுத்தற கைப்பிடி கிரில்லுல தட்டக்கூடாது. அதுக்குப் பழைய அட்டைப்பெட்டியை வட்டமா வெட்டி ஒட்டிவச்சு, கைப்பிடியை ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டுத்தான் தகட்டுல கை வச்சோம்.

ஸ்பீக்கர் முன்னால தள்ற காத்தும் பின்னால தள்ற காத்தும் நேர் எதிர். ரெண்டும் கலந்தா ஒண்ணை ஒண்ணு தின்னுடும், பேஸ் காணாமப் போகும். கதவுல இருக்கிற பெரிய பெரிய ஓட்டையெல்லாம் அப்படிக் கலக்கற வழிதான். அலுமினியம் ஒட்டின பியூட்டைல் ஷீட்டால அதையெல்லாம் மூடினோம். வெளித் தகட்டுக்கு உள்பக்கமும் ஒரு துண்டு ஒட்டினதுல, டின் மாதிரி அடிச்ச கதவு 'தொப்'புனு மூட ஆரம்பிச்சுது. அடியில இருக்கிற தண்ணி ஓட்டையை மட்டும் தொடவே கூடாது. தார் ஷீட் விலை கம்மிதான், ஆனா உடுமலை வெயில்ல உருகி வழியும்.

ஒயரிங்குக்கு மூணாறுலேருந்து ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தாரு. பழைய ஜீப் காலத்துல ஸ்பீக்கருக்கு ஒரு ஒயர் போதும், இன்னொண்ணு பாடி எர்த். இப்ப வர்ற ஸ்டீரியோவுக்கு அந்த வித்தை ஆகாது. நெகட்டிவ் ஒயர் பாடியில பட்டா உள்ள இருக்கிற ஐ.சி. போயிடும். ரெண்டு ஒயரையும் தனித்தனியா ரப்பர் குழாய்க்குள்ள விட்டுக் கொண்டுவந்தாரு. ஸ்டீரியோ செட்டிங்ல 80 ஹெர்ட்ஸ்க்குக் கீழ ஸ்பீக்கருக்குப் போகாம வெட்டி விட்டோம். எஞ்சின் எப்படியும் அந்த ஏரியாவைக் குத்தகைக்கு எடுத்தாச்சே!

செலவு: ஸ்பீக்கர் 3,400, ஷீட் 1,900, ரிங், ஸ்க்ரூ, ஃபோம், ஒயர் 850, கூலி 800. ஆக 6,950 ரூபாய். அவன் கேட்ட செட்டுக்குக் கார்கோவோட சேர்த்து இதைப் போல நாலு மடங்கு ஆகியிருக்கும்.

மறுநாள் டாப் ஸ்டேஷன் வரைக்கும் போய்ப் பாத்தோம். போன்ல சத்தம் அளக்கற ஆப் ஒண்ணு இருக்கு. துல்லியம் கிடையாது, ஆனா முன்னாடி பின்னாடி ஒப்பிட உதவும். பழைய ஸ்பீக்கர்ல அவன் வழக்கமா வைக்கற அளவு 91 காட்டுச்சு. புதுசுல, அவனே திருகி 'இது போதும் மாமா'ன்னு நிறுத்தின இடம் 82. இந்த 9 டெசிபல் சாதாரணம் இல்ல. அமெரிக்காவுல தொழிலாளர் உடல்நலம் பாக்கிற நியோஷ் அமைப்பு சொல்றபடி 85 டெசிபல்ல எட்டு மணி நேரம் வரைக்கும் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 91ன்னா ரெண்டே மணி நேரம். இவன் பத்து மணி நேரம் உக்காந்திருந்தான். 26 வயசுல!

அக்காவுக்காக இன்னொரு சோதனை. அத்தானை ஜீப்புல பின்னால வரச்சொல்லி, வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்கச் சொன்னோம். பாட்டு ஓடுது, ஹாரனும் கேக்குது. வலது பக்கக் கண்ணாடியை நாலு விரல் இறக்கினா காட்டுல மூங்கில் ஒடியற சத்தம்கூடக் கேக்கும்னான் மாப்ள. பாம்பாடும் சோலைக்குள்ள பாட்டை அணைச்சுடணும்னு அக்கா போட்ட கண்டிஷனுக்கும் தலையாட்டியிருக்கான். காட்டுக்கும் அதான் மரியாதை.

ஒண்ணை மட்டும் அவன்கிட்ட அழுத்திச் சொல்லிட்டு வந்தேன். தூக்கம் வர்றப்போ சத்தத்தைக் கூட்டினா தூக்கம் போகாது, கொஞ்ச நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். வண்டியை ஓரங்கட்டி ஒரு காபி, இருபது நிமிஷம் கண்ணை மூடறது, அதுக்கு எந்த ஸ்பீக்கரும் ஈடில்ல. 2022 அக்டோபர்ல பாலக்காடு வடக்கஞ்சேரியில டூரிஸ்ட் பஸ் மோதி ஒன்பது பேர் போன ராத்திரியை மறந்திருக்க மாட்டீங்க. காரணம் வேகம். ஆனா அதுக்கப்புறம் கேரளாவுல பஸ்ல வைக்கற லைட், பெரிய சவுண்ட் சிஸ்டம் எல்லாத்து மேலயும் கெடுபிடி வந்துச்சு. கதவுக்குள்ள அடக்கமா ரெண்டு ஸ்பீக்கர் இருந்தா செக்போஸ்ட்ல யாரும் வாயைத் திறக்கப் போறதில்ல.

வெளிநாட்டுல இருக்கிற நமக்கு ஊர்லேருந்து இப்படி லிஸ்ட் வர்றது புதுசில்ல. ஆசையா அனுப்பிடுவோம், அது அங்க எந்த இடத்துல உக்காரும்னு அளவு கேக்க மாட்டோம். என் அனுபவத்துல, அனுப்பறதுக்கு முன்னாடி 'எதுக்குடா வேணும்?'னு ஒரு கேள்வி, 'எத்தனை மில்லிமீட்டர்?'னு இன்னொரு கேள்வி. இந்த ரெண்டுக்கும் பதில் வந்தா பாதி கார்கோ தேவைப்படாது.

பி.கு: 1. ரெண்டு கதவு ஸ்பீக்கரும் ஒரே திசையில தள்ளுதான்னு பாக்க ஒரு பென்டார்ச் பேட்டரி போதும். ப்ளஸ்ஸை ப்ளஸ்ல ஒரு நொடி தொட்டா கோன் வெளியே வரணும். ரெண்டுலயும்.

2. பேங்க்காரன் புத்தி போகாதே! கம்பெனி போட்டுக் குடுக்காத எலக்ட்ரானிக் சாமானுக்கு வண்டி இன்ஷூரன்ஸ் தானா வராது. மதிப்பைக் காட்டித் தனியா பிரீமியம் கட்டணும், பழைய மோட்டார் டாரிஃப்படி மதிப்புல 4 சதவீதம். பில்லைப் பத்திரமா வைங்க. மாப்ள பில்லு அக்காவோட அஞ்சறைப் பெட்டியில இருக்கு.