பத்து வருட லாபம், இன்றைய ரூபாயில்

பங்கு விலையை லாபத்தால் வகுத்து வரும் பி.இ. விகிதம் மிகக் குறைவாகத் தெரிகிற சமயம், அநேகமாக லாபம் உச்சத்தில் நிற்கிற சமயமாக இருக்கும். எஃகு, சிமென்ட், சர்க்கரை, பேப்பர் என்று ஏறி இறங்கும் தொழில்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்குக் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு தெரியும்.

2022 ஜூனில் டாடா ஸ்டீல் பங்கு 900 ரூபாய்க்குக் கீழே வந்திருந்தது. மே 21ஆம் தேதி மத்திய அரசு எஃகு ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டதில் எஃகுப் பங்குகள் எல்லாமே அடிவாங்கியிருந்தன. மார்ச்சில் முடிந்த நிதியாண்டிலோ அந்த நிறுவனம் பங்குக்கு 332 ரூபாய் அளவுக்குச் சம்பாதித்திருந்தது. 870ஐ 332ஆல் வகுத்தால் 2.6. “சார், மூணு பி.இ.க்கும் கீழ டாடா கம்பெனி. இதுக்கு மேல என்ன வேணும்?” என்று அந்த மாதம் என்னிடம் கேட்டவர்கள் பலர். மூன்று வருடத்தில் போட்ட பணம் லாபமாகவே திரும்பிவிடும் என்று அர்த்தம். அப்படி ஒரு பண்டத்தைச் சந்தை ஏன் தெருவில் வைத்து விற்கிறது என்ற கேள்வி யாருக்கும் வரவில்லை.

மாந்தோப்பைப் பல வருடக் குத்தகைக்குப் பேசுகிறவர், இந்த வருடம் கொப்பு முறியக் காய்த்திருப்பதைப் பார்த்து விலை சொல்ல மாட்டார். போன வருடம் என்ன, அதற்கு முந்தின வருடம் என்ன என்று கேட்பார். பங்குச் சந்தையில் மட்டும் நாம் ஏனோ கடைசி மகசூலையே கேட்கிறோம்.

பல வருடத்தைக் கேட்கிற பழக்கம் புதிதல்ல. பெஞ்சமின் கிரஹாமும் டேவிட் டாடும் 1934இல் எழுதிய ‘செக்யூரிட்டி அனாலிசிஸ்’ புத்தகத்திலேயே ஐந்து வருடத்துக்குக் குறையாமல், முடிந்தால் ஏழு முதல் பத்து வருட லாபத்தின் சராசரியைப் பார் என்ற யோசனை இருக்கிறது. 1929 சரிவைக் கண்ணால் பார்த்தவர்கள் எழுதியது அது. 1988இல் ஜான் கேம்ப்பெல்லும் ராபர்ட் ஷில்லரும் அதோடு பணவீக்கத்தைச் சேர்த்தார்கள்: பழைய லாபங்களை எல்லாம் இன்றைய பண மதிப்புக்குக் கொண்டுவந்து, அப்புறம் சராசரி, அந்தச் சராசரியால் விலையை வகுப்பது. அமெரிக்கச் சந்தை முழுவதையும் எடைபோட அவர்கள் பயன்படுத்திய அந்த அளவுகோலுக்குத்தான் ‘கேப்’ என்று பெயர். 1999 டிசம்பரில் அது 44ஐத் தொட்டது. 1929இலேயே 32, 33தான். 2009இல் வேடிக்கை நேர்மாறாக நடந்தது. வங்கிகள் எழுதித் தள்ளிய நஷ்டத்தில் எஸ் அண்ட் பி 500 நிறுவனங்களின் மொத்த லாபம் தரைமட்டமாகி, அந்த வருட நடுவில் சாதாரண பி.இ. 100ஐத் தாண்டியது. வாழ்நாளில் ஒரு முறை வரக்கூடிய மலிவு விலையில், மகா விலை உயர்ந்த சந்தை என்று காட்டியது. அதே ஆண்டு மார்ச்சில் கேப் 13ஐ ஒட்டி இருந்தது.

ஷில்லரின் வேலை சந்தை முழுமைக்கும். 500 நிறுவனங்களைக் கூட்டினால் ஒன்றின் கோணல் இன்னொன்றில் சமனாகிவிடும். தனி ஒரு நிறுவனத்துக்கு இதைச் செய்யும்போது அந்தக் கோணல்கள் எல்லாம் நேராக நம் மேசைக்கு வரும். எனக்கு இந்த வேலையில் பிடித்ததே அதுதான்.

முதலில் எந்தக் குறியீடு என்பது. மூலதன ஆதாய வரி கட்டியவர்களுக்கு வருமான வரித் துறையின் செலவுப் பணவீக்கக் குறியீடு பழக்கம். 2001-02க்கு 100, 2012-13க்கு 200, 2021-22க்கு 317. வருடத்துக்கு ஒரே எண், எக்செல்லில் போடச் சுலபம். அதனால் பலர் அதையே போட்டுவிடுகிறார்கள். அது நகர்ப்புற நுகர்வோர் விலை உயர்வில் முக்கால் பங்கை மட்டும் கணக்கில் எடுத்து அறிவிக்கப்படுவது. வரிச் சலுகையை அளந்து கொடுப்பதற்காகச் செய்த படி அது. நிஜ விலைவாசியை அளக்க உதவாது. எஃகு நிறுவனம் என்றால் மொத்த விலைக் குறியீடுதானே பொருத்தம் என்று கேட்பவர்களும் உண்டு. எஃகு விலையை அளக்க அது சரி. நான் அளப்பது பங்குதாரரின் லாபத்தை. அவர் அந்தக் காசில் வாங்கப்போவது அரிசி, பருப்பு, பள்ளிக் கட்டணம். இரும்புச் சுருள் அல்ல. எனவே நுகர்வோர் விலைக் குறியீடு, அதில் நிதியாண்டுச் சராசரி.

2012ஐ 100 என்று வைத்த வரிசையில் 2014-15இன் சராசரி ஏறக்குறைய 119, 2021-22இன் சராசரி 164. 164ஐ 119ஆல் வகுத்தால் 1.38. 2014-15இல் சம்பாதித்த ஒவ்வொரு ரூபாயும் 2021-22 கணக்கில் 1 ரூபாய் 38 காசு. இப்படி ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு பெருக்கு எண். இதைச் செய்யாமல் வெறும் சராசரி எடுத்தால் என்ன குடிமுழுகிவிடும்? ஐந்து சதவீதப் பணவீக்கத்தில், நிஜ மதிப்பில் பத்து வருடமும் ஒரே அளவு சம்பாதித்த நிறுவனத்தின் லாபத்தை வெறும் சராசரி கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக் காட்டும். இரண்டு சதவீதப் பணவீக்கம் உள்ள நாட்டில் இதைச் சட்டை செய்யாமல் விடலாம். நம் ஊரில் முடியாது.

இனி டாடா ஸ்டீலின் பத்து வருடம், 2012-13 முதல் 2021-22 வரை, ஒருங்கிணைந்த கணக்கு. பங்குக்கு இத்தனை என்று பார்க்காமல் மொத்த லாபத்தையே எடுத்துக்கொள்கிறேன். இடையில் 2018இல் ரைட்ஸ் வெளியீடு வந்தது, 2022 ஜூலையில் ஒரு பங்கு பத்தாகப் பிரிந்தது. பங்குக் கணக்கில் அதையெல்லாம் திருத்திக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும்.

முதல் வருடமே சுமார் 7,000 கோடி நஷ்டம். 2007இல் வாங்கிய கோரஸ் நிறுவனத்துக்காகக் கொடுத்த அதிக விலையில் ஒரு பகுதியை அந்த வருடம் எழுதித் தள்ளினார்கள். அடுத்த வருடம் 3,600 கோடி லாபம். பிறகு தொடர்ந்து மூன்று வருடம் நஷ்டம். 2017-18இல் 17,700 கோடி லாபம். அடுத்து 9,000 கோடி, 1,200 கோடி, 8,200 கோடி. கடைசியாக 2021-22இல் 41,700 கோடி.

முதல் ஒன்பது வருட லாப நஷ்டத்தைக் கூட்டிக் கழித்தால் கடைசி ஒரே வருட லாபத்தில் பாதியை ஒட்டித்தான் வருகிறது. 2.6 என்ற பி.இ. அந்தக் கடைசி வருடத்தை மட்டும் பார்த்துச் சொன்னது.

பணவீக்கத்தைச் சேர்த்ததும் வந்த விடை என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. பெரும்பாலான நிறுவனங்களில் சராசரி மேலே ஏறும். இங்கே அசையவில்லை, சேர்க்காமல் போட்டாலும் சேர்த்துப் போட்டாலும் வருடத்துக்கு 6,300 கோடியை ஒட்டியே நின்றது. காரணம், பழைய வருடங்களில் இருந்தது நஷ்டம். லாபத்தைப் பெருக்குகிற எண் நஷ்டத்தையும் பெருக்கும். 2012-13இன் 7,000 கோடி நஷ்டம் 2021-22 ரூபாயில் 11,000 கோடிக்கு மேல். அப்போது தொலைத்த பணம் இன்றைய பணத்தைவிடக் கனமானது என்பதை வெறும் சராசரி மறந்துவிடுகிறது.

அந்த ஜூனில் மொத்தச் சந்தை மதிப்பு ஒரு லட்சத்து ஆறாயிரம் கோடி அளவில். 6,300ஆல் வகுத்தால் 17க்கு அருகில். கொள்ளை மலிவு என்று துள்ளியது போய், சுமாரான விலை என்று ஆகிவிட்டது.

இங்கே நிறுத்திவிடுகிறவர்கள் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வேலையை விட்டுவிடுகிறார்கள் என்பேன். ஒவ்வொரு வருடத்தையும் ஆண்டறிக்கையில் திறந்து பார்க்க வேண்டும். 2017-18 லாபத்தில் ஒரு பெரிய பகுதி, பிரிட்டனில் பென்ஷன் திட்டத்தை மாற்றியமைத்ததால் ஏட்டில் ஏறிய ஒருமுறை வரவு, பணமாக வந்ததல்ல. அதை நீக்கலாம். நீக்கினால் கோரஸுக்காக எழுதித் தள்ளிய நஷ்டத்தையும் நீக்கச் சொல்வார்கள், அதுவும் ஒருமுறைதானே என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. கோரஸுக்கு 2007இல் ரொக்கம் போயிருக்கிறது. 2012-13இல் வந்தது அதற்கான ரசீது. பணம் என்றாவது போயிருந்தால் நஷ்டம் கணக்கில் இருக்கட்டும், பணம் என்றுமே வராத லாபம் போகட்டும் என்பது என் வழக்கம். ஓரவஞ்சனை என்பார்கள். இருக்கட்டும்.

2015-16க்கு இன்னொரு தலைவலி. அந்த வருட நஷ்டத்துக்குப் பழைய கணக்கு முறையில் ஓர் எண், 2016-17இல் இண்ட் ஏஎஸ் என்ற புதிய கணக்கு முறைக்கு மாறியபோது திருத்தி எழுதியதில் வேறோர் எண். தகவல் தளங்கள் ஒன்று ஒன்றைக் காட்டும், இன்னொன்று மற்றதைக் காட்டும். பின்னால் வரும் வருடங்களோடு ஒட்டுவது புதிய முறையில் திருத்தியதுதான். ஆனால் மேலே போட்ட சராசரியில் இருப்பது பழைய முறை எண்.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல், 2012-13இல் இருந்த நிறுவனமும் 2021-22இல் இருந்த நிறுவனமும் ஒன்றல்ல என்பது. நடுவில் ஒடிசாவில் கலிங்கநகர் ஆலை வந்தது, 2018இல் பூஷண் ஸ்டீல் கைக்கு வந்தது. உலை பெரிதாகிவிட்ட பிறகு சின்ன உலைக் காலத்து லாபத்தைச் சராசரியில் போடுவது நியாயமா? நியாயமில்லைதான். அதனால் பக்கத்தில் இன்னொரு வரிசை போடுவேன்: ஒவ்வொரு வருடமும் பங்குதாரர் முதலின் மேல் எத்தனை சதவீதம் சம்பாதித்தது என்று. அந்தச் சதவீதங்களின் சராசரியை இன்றைய முதலின் மேல் வைத்துப் பார்ப்பேன். இரண்டு வரிசையும் ஒரே பக்கம் சாய்ந்தால் நிம்மதி.

வளர்கிற நிறுவனத்தில் இந்த அளவுகோல் முழுசாகவே பொய்த்துவிடும். டிசிஎஸ் 2012-13இல் சம்பாதித்தது சுமார் 13,900 கோடி. 2021-22 ரூபாயில் அது 22,000 கோடி. அந்த வருடம் நிஜமாகச் சம்பாதித்ததோ 38,300 கோடி. பத்து வருடச் சராசரி எப்போதும் அதற்குப் பின்னால்தான் மூச்சு வாங்க ஓடிவரும். பங்கு எந்நாளும் விலை கூடியதாகவே தெரியும். அங்கே இந்தப் பத்து வருடக் கணக்குத் தாளை எடுப்பதே இல்லை.

டாடா ஸ்டீலுக்குப் பிறகு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். 2022-23இல் லாபம் 8,000 கோடிக்கு இறங்கியது. சராசரி சொன்ன 6,300 கோடிக்கு அது எவ்வளவு பக்கம் என்று பாருங்கள். 2023-24இல் பிரிட்டன் ஆலைச் செலவுகளால் 4,900 கோடி நஷ்டம். மூன்று வருடத்தில் முதல் திரும்பும் என்ற கணக்கு கலைந்துபோனது. ஆனால் பங்கு விலை இறங்கவில்லை. பிரித்த பிறகு 90 ரூபாய்க்குச் சமமாக இருந்தது, நஷ்டம் அறிவித்த 2024இன் நடுவில் 160ஐத் தாண்டியது. லாபத்தைத் தப்பாகக் கணித்து வாங்கியவர் பணம் பண்ணினார். சரியாகக் கணித்து ஒதுங்கியவர் வேடிக்கை பார்த்தார். அடுத்த இரண்டு வருடத்தில் விலை எங்கே போகும் என்று இந்தச் சராசரிக்குத் தெரியாது. கொடுக்கிற விலைக்கு எந்த மாதிரி வருடத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறோம் என்று மட்டும் சொல்லும்.

ஒவ்வொரு மே மாதமும் முடிவுகள் வந்ததும் தாளில் ஒரு வருடத்தைச் சேர்த்து ஒரு வருடத்தை அடிப்பேன். 2022-23ஐச் சேர்த்தபோது 2012-13இன் நஷ்டம் வெளியே போனது. சாதாரணமாக ஓடிய ஒரு வருடத்தில், பணவீக்கம் சேர்க்காத சராசரிகூட 6,300இலிருந்து 7,800 கோடிக்குத் தாவியது. அதில் கிட்டத்தட்ட பாதி ஏற்றத்துக்குக் காரணம் பத்து வருடம் பழைய ஒரு கெட்ட வருடம் எல்லை தாண்டியதுதான். இதன் எதிர்ப்பக்கமும் காத்திருக்கிறது. 2021-22இன் 41,700 கோடி 2030-31 கணக்கு வரை உள்ளேயே இருக்கும், 2031-32ஐச் சேர்க்கும் அன்று வெளியேறும். அதுவரைக்கும் டாடா ஸ்டீல் தாளில் மட்டும் சராசரிக்குக் கீழே இடைநிலையையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணையும்) எழுதுகிறேன். 2022இல் அது 2021-22 ரூபாயில் 3,300 கோடியைத் தாண்டவில்லை. அதை வைத்து வகுத்தால் 2.6 என்று கொண்டாடிய அதே பங்குக்கு விடை 32.