வெள்ளைக்கு ஒரு கணக்கு

நான் எம்.சி.ஏ. சேர்ந்தது 2000-ல். அப்போது அது மூன்று வருடப் படிப்பு. ஆறாவது செமஸ்டர் முழுக்க புராஜெக்ட். அத்தனை பாடங்களில் நான் மனசு வைத்துப் படித்தவை இரண்டுதான். ஒன்று டேட்டாபேஸ். ஐ.பி.எம்.மில் இருந்த காட் 1970-ல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பிய விஷயம். எந்தத் தகவலும் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது என்கிற அந்த ஒழுங்கு எனக்குப் பக்தி மாதிரி பிடித்துப்போனது. இன்னொன்று டேட்டா கம்யூனிகேஷன். ஓ.எஸ்.ஐ. மாடலின் ஏழு அடுக்கையும் வரிசை மாறாமல் சொல்ல ‘ப்ளீஸ் டூ நாட் த்ரோ சாசேஜ் பீட்சா அவே’ என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. எங்கள் வகுப்பில் பீட்சாவைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. சாசேஜ் என்றால் என்ன என்று சாரிடம் கேட்கவும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தூங்குவதற்கென்றே ஒரு பாடமும் இருந்தது. சிஸ்டம் அனாலிசிஸ் அண்ட் டிசைன். எலியாஸ் அவாட் எழுதிய புத்தகம். புரோகிராம் எழுதுவதற்கு முன்னால் அங்கே வேலை செய்கிறவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும், அவர்கள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும், பழைய நோட்டுகளைப் புரட்ட வேண்டும், கேள்வித்தாள் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் வரும். நாலு வழி, தலா இரண்டரை மார்க், மொத்தம் பத்து. அவ்வளவுதான் எனக்கு அது.

புராஜெக்ட் ரிப்போர்ட்டில் ‘எக்ஸிஸ்டிங் சிஸ்டம்’ என்று ஓர் அத்தியாயம் கட்டாயம். இப்போது வேலை எப்படி நடக்கிறது என்று நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டியது. நான் நூலகத்துக்கு சாஃப்ட்வேர் செய்தேன். அத்தியாயத்தை சீனியர் ஒருவரின் ஆஸ்பத்திரி புராஜெக்ட்டிலிருந்து எடுத்துக்கொண்டேன். ‘எல்லாம் கையால் எழுதுகிறார்கள், நேரம் பிடிக்கிறது, தவறு நேர்கிறது’ என்பது உலகத்தில் எந்த இடத்துக்கும் பொருந்தும்தானே. ஓரிடத்தில் மட்டும் மாற்ற விட்டுப்போய், நோயாளிகள் புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பினால் அபராதம் என்று அச்சாகிவிட்டது. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் அதையும் தாண்டி ஸ்பைரல் பைண்டிங்கைத் தடவிப் பார்த்து மார்க் போட்டார். முதல் வகுப்பு.

2003-ல் வெளியே வந்தபோது சாஃப்ட்வேர் கம்பெனிகளின் கதவு திறக்கவில்லை. திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில், ஸ்டாக் கணக்குக்கு சாஃப்ட்வேர் வேண்டும் என்றார்கள். முதலாளியிடம் அரை மணி நேரம் பேசினேன். டெலிவரி சலான் புத்தகத்தில் எழுதாத ஒன்றை வாங்கிக்கொண்டேன். எழுதியதைக் கேட்டிருக்கலாம்.

குடோனைச் சும்மா எட்டிப் பார்த்தேன். துணிக் கட்டுகளை எடை போட்டு அனுப்புகிற ஸ்டோர்காரர் டீ சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஐம்பது வயதிருக்கும், காதில் பென்சில். குரலைத் தணித்துக்கொண்டு, “தம்பி, இங்க வெள்ளைக்கு ஒரு கணக்கு, கருப்புக்கு ஒரு கணக்குங்க. அதை மொதல்ல புரிஞ்சுக்கோணும்” என்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. வந்த முதல் நாளே கருப்புப் பணத்தைப் பற்றிப் பேசுகிறாரே மனிதர். “சரிங்கண்ணா, சரிங்கண்ணா” என்று டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. என் நேர்மையை நினைத்து எனக்கே பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு மாதம் வீட்டிலேயே உட்கார்ந்து, வி.பி. ஆறில் எழுதி முடித்தேன். அதில் என் தனிப்பெருமை ஒரு பூட்டு. சாயப்பட்டறைக்கு 100 கிலோ துணி போயிருந்தால் 100 கிலோதான் திரும்பி வர வேண்டும். ஒரு கிலோ குறைந்தாலும் ‘டிங்’ என்று சத்தம் போட்டு, எடை தவறு என்று சொல்லி எண்ட்ரியை ஏற்காது. முதலாளிக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடித்திருந்தது.

நாலு மாதம் கழித்து ஸ்டாக் எடுத்தார்கள். கம்ப்யூட்டர் காட்டியதைவிட 612 கிலோ துணி குறைந்தது. ஸ்டோர்காரரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு எனக்கு ஆள் அனுப்பினார்கள். எந்த எண்ட்ரி, எந்தத் தேதி, யார் போட்டது என்று எல்லாம் எடுத்துத் தர முடியுமா? முடியும் என்றேன். லாகின் பெயரும் நேரமும் தன்னால் பதிவாகிற மாதிரி எழுதியிருந்தேனே. பதினேழு பக்கம். ஒவ்வொரு வரியிலும் அவர் பெயர். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டு தள்ளத் தள்ள, நான் பக்கத்தில் நின்று காகிதத்தை மடித்துக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து, சலான்களை பிரிண்ட்டோடு ஒத்துப் பார்க்க என்னையே குடோனில் உட்கார வைத்தார்கள். ஃபேன் ஓடவில்லை. கம்பியில் குத்தியிருந்த சலான்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தேன். ஒன்று கைநழுவித் தலைகீழாக விழுந்தது. பின்பக்கம் பென்சிலில் ஏதோ கிறுக்கல். ‘வெ 100 - 94’. அடுத்ததைத் திருப்பினேன். ‘க 100 - 97’. அதற்கடுத்தது, ‘வெ 80 - 75’. எல்லாவற்றிலும் இருந்தது.

வெ. க.

கொஞ்ச நேரம் அந்த இரண்டு எழுத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே கட்டிங் மாஸ்டர் போனார். கூப்பிட்டு, சாயத்துக்குப் போன துணி எடை குறையுமா என்று கேட்டேன். “பின்ன குறையாதுங்களா? பஞ்சுல இருக்கற மெழுகு, தூசி எல்லாம் வெந்துபோயிடுமில்ல. வெள்ளை ப்ளீச்சிங்குக்கு ஒரு மாதிரி, டார்க் கலருக்கு ஒரு மாதிரி. புராசஸ் லாஸ்னு சொல்வாங்க” என்றார். எம்.சி.ஏ. படித்தவனுக்கு இது தெரியாதா என்கிற ஆச்சரியம் அவர் முகத்தில் இருந்தது.

94 கிலோ என்று அடித்தால் என் புரோகிராம் ஏற்காது. லாரிக்காரன் வாசலில் ஹாரன் அடிப்பான். ஸ்டோர்காரர் 100 என்று அடித்து அனுப்பியிருக்கிறார். நிஜ எடையைப் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறார்.

நெட்வொர்க் பாடத்தில் ஒன்று வரும். அனுப்பிய தகவலுக்கு ‘வந்து சேர்ந்தது’ என்று பதில் வராவிட்டால், அனுப்பியவர் மறுபடி அனுப்புவார். பதில் வந்துவிட்டால் அனுப்ப மாட்டார். நான்தான் “சரிங்கண்ணா” என்று சொல்லியிருந்தேனே, அதுவும் இரண்டு தடவை.

முதலாளியிடம் போய் தப்பு என்னுடையது என்றேன். சலான்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மீதிப் பணத்தை அவர் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஸ்டோர்காரரை வரச் சொல்லி ஆள் போனது. அவர் வரவில்லை. அதற்குள் வேறொரு கம்பெனியில், குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு தேடிப் போனேன். “வாங்க தம்பி” என்று பாயை விரித்தார். மன்னிப்புக் கேட்டேன். “அதை விடுங்க. அன்னைக்கு நாஞ் சொன்னப்ப நீங்க என்னன்னு நெனச்சீங்க?” என்றார்.

கருப்புப் பணம் என்று சொன்னேன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். “அம்மிணி, இங்க வா, தம்பி சொல்றதைக் கேளு” என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். அந்த அக்கா தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்று முழுக்கக் கேட்டார். சொம்பை எனக்கு முன்னால் வைத்தார். சிரிக்காமல் உள்ளே போனார்.