மருந்தும் மறவாமையும்

காக்கை வலிப்பு என்று உலக வழக்கிற் கூறப்படும் நோய்க்கு முன்னோர் இட்ட பெயர் முயலகன் என்பது. வடநூலார் அதனை அபஸ்மாரம் என்பர். நினைவு நீங்குதல் என்பது அச்சொல்லின் பொருள். கூத்தப்பிரான் திருவடிக்கீழ்க் கிடப்பவனுக்கும் இவ்விரு பெயர்களே வழங்குதல் கருதத்தக்கது. கொல்லிமழவன் மகளை இந்நோய் பற்றியதும், திருப்பாச்சிலாச்சிராமத்தில் திருஞானசம்பந்தப் பெருமான் அதனைத் தீர்த்தருளியதும் பெரியபுராணத்துட் கேட்கப்படுவன. அப்புராணம் அருளிய சேக்கிழார் பெருமான் தோன்றிய குன்றத்தூர், பூந்தமல்லிக்கு அணித்தே உள்ளது. அன்று திருவாக்கு ஒரு பொழுதிற் செய்ததை, இக்காலத்து மருத்துவம் நாள்தோறும் சிறிது சிறிதாகச் செய்ய முயல்கின்றது.

மூளையின் நரம்பணுக்களிடையே இயல்பாக ஓடும் மின்விசை திடீரென வரம்பு கடந்து பொங்குவதே வலிப்பு. 1912-ல் பீனோபார்பிட்டாலும், 1938-ல் பெனிட்டாயினும் இதற்கு மருந்தாயின. வால்ப்ரோயேட், லெவெடிரசெட்டம் முதலியன பின்வந்தவை. உலகில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டென்றும், தக்க மருத்துவம் பெறின் அவருள் 100-க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறும். ஆயின் இம்மருந்துகள் நோயை வேரறுப்பன அல்ல. குருதியில் அவை உரிய அளவில் நிற்குங்காறும் வலிப்பு அடங்கியிருக்கும். லெவெடிரசெட்டம், வளர்ந்தோர் உடம்பில் 6 முதல் 8 மணி நேரத்திற் பாதியாகக் குறைந்துவிடும். ஆதலின் ஒரு வேளை தவறினும் இடர் நேரலாம். பலநாள் உண்டதைத் திடீரென நிறுத்தினால், உயிர்க்கு இறுதி பயக்கும் நீள்வலிப்பும் வருதல் உண்டு.

சித்தாந்தம் பயின்றார்க்கு இது புதிய செய்தியன்று. ஆணவமலம் அநாதி நித்தியம். முத்தியினும் அது அழிவதில்லை. அதன் சத்தியே அடங்குகின்றது. விளக்கு எரியுந்துணையும் இருள் தலைதூக்காது கிடத்தல் போல்வது அது. ஆடவல்லான் முயலகனைக் கொன்றிலன். ஊன்றிய திருவடியை எடாது நிற்கின்றான். நாள்தோறும் உண்ணும் மாத்திரையும் அவ்வாறு ஊன்றிய அடியே எனலாம். வலிப்பு வரவில்லையே, மருந்து எதற்கு என்பார், முயலகன் அசையவில்லையே, திருவடி எதற்கு என்று வினவுவாரை ஒப்பர்.

ஆயினும் மறந்தாரைக் கடிந்துரைத்தல் நேரிதன்று. வலிப்பு வந்து தெளிந்தபின் சிறிது பொழுது நினைவு கலங்கும். மருந்துகளுட் சிலவும் சோர்வு தரும். நினைவைத் தாக்கும் நோய்க்கு, நினைவையே காவலாக வைக்க வேண்டியிருத்தலே இதிலுள்ள இடர்ப்பாடு.

திருமுல்லைவாயிலில் வாழும் அன்பர் ஒருவர், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கின் கணக்கர். ஒரு வாரம் பகற்பணி, மறுவாரம் இரவுப்பணி. இராவுணவுக்குப் பின் உண்க என்ற குறிப்பு, இரவே பகலாகிய வாரத்தில் பயன்படவில்லை. உடன் பணிபுரிவார் அறியலாகாது என்று மாத்திரையை மறைத்தே உண்டார்; மறைக்க இடம் வாயாதபோது உண்ணாதே விட்டார். கைப்பேசி மணி அடித்தால் அதனை அணைத்துவிட்டுப் பின்னர் மறந்தார். மூன்றாண்டு வலிப்பின்றிக் கழிந்தது. ஒரு மகாசிவராத்திரியில், மாத்திரை உண்டால் நோன்பு கெடும் என்று கருதி இருவேளையும் விட்டு, மாசிலாமணியீசர் திருக்கோயிலில் கண்விழித்திருந்தார். நான்காம் யாமத்தில் திருச்சுற்றில் வீழ்ந்தார். மருந்தின்மையும் துயிலின்மையும் ஒருங்கே கூடிய இரவு அது.

அவர் அன்னையார் கடிந்தாரிலர். “சாமிக்கு விளக்கேற்ற ஒருநாளாவது மறந்தாயாப்பா? அந்த நேரத்திலேயே இதையும் போட்டுக்கொள்” என்றார். மருத்துவரும் அதற்கு இசைந்து, காலை ஆறு மணி, மாலை ஆறு மணி என வரையறுத்தார். திருநீற்றுக் கோயிலின் அருகே, ஏழு நாளுக்கும் இருவேளைக்கும் அறைகள் வகுத்த சிறு பெட்டி ஒன்று இடம்பெற்றது. உண்டோமா, இல்லையா என்னும் ஐயத்தை வெற்றறையே தீர்த்துவிடும். பணிக்குச் செல்லும் பையிலும் ஒருவேளை மருந்து இருந்தது. உடன் பணிபுரியும் ஒருவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லினார். அவர் இழிவாக எண்ணவில்லை, நேரம் வந்தால் தண்ணீர்ப் புட்டியை எடுத்துத் தருகின்றார்.

மறைத்தல் மறத்தற்குத் தாயாகும். இந்து திருமணச் சட்டத்தில் மணத்திற்குத் தடையாக வைக்கப்பட்டிருந்த வலிப்பு நோய் 1999-ல் அதனின்றும் நீக்கப்பட்டது. சட்டம் விட்ட நாணத்தை இல்லங்கள் இன்னும் விட்டில. மணவீட்டுப் பந்தியில் மாத்திரையை வெளிப்பட எடுத்து உண்ண ஒருவர்க்கு இயலுமாயின், மறதியிற் பாதி ஒழியும்.

தவறிய வேளைக்கு என்செய்வது என்பதை மருத்துவரிடம் முன்னரே கேட்டு எழுதிவைத்தல் நன்று. மறுவேளையில் தாமே இரட்டித்து உண்ணல் ஆகாது. மருந்தை நிறுத்துங் காலம் வரினும், மருத்துவரே சிறிது சிறிதாகக் குறைப்பர். ஒரு மிடறு நீரோடு விழுங்கும் மாத்திரையால் நோன்பு குறைபடாது. கண்விழித்தல் ஆகாதார் முதல் யாமம் வழிபட்டுத் துயிலலாம். அன்பை நோக்கும் இறைவன் விழித்த நாழிகையை எண்ணுவான் அல்லன்.

ஆவடிக்கு மேற்கே திருநின்றவூரிற் பூசலார் நாயனார் நினைவினாலேயே திருக்கோயில் எடுத்தார். அத்தகைய நினைவு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. வாயாதவர்க்குப் பெட்டியும், விளக்கேற்றும் பொழுதும், அருகிருந்து நினைவூட்டும் அன்பும் துணையாகும். அத்துணையை நாடுதல் குறைபாடு அன்று.

திருச்சிற்றம்பலம்.