நோட்ஸ் இல்லாத இசையமைப்பாளர்

வாசில் பார்வின்ஸ்கி என்று ஒருவர். 1888-இல் பிறந்த உக்ரைன் இசையமைப்பாளர், பியானோ கலைஞர். கடைசிக் காலத்தில் அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர்தான் மேலே தலைப்பில் இருப்பது. நோட்ஸ் என்றால் பரீட்சைக்கு முதல் நாள் ஓடி ஓடி ஜெராக்ஸ் எடுப்போமே, அது இல்லை. இசையமைப்பாளர் தன் கைப்பட எழுதி வைக்கும் இசைத் தாள்கள். நம் பக்கம் பாட்டு குருவின் வாயிலிருந்து சிஷ்யனின் காதுக்குப் போய்விடும். மேற்கத்திய சாஸ்திரிய இசையில் தாள்தான் எல்லாம். தாள் போனால் பாட்டும் போச்சு.

பார்வின்ஸ்கியின் தாள்கள் போய்விட்டன. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

நான் படிப்பது ஜெர்மனியில், லைப்சிக் நகரத்தில். பாக் 27 வருஷம் வேலை பார்த்த ஊர், மெண்டல்சன் 1843-இல் இசைக் கல்லூரி ஆரம்பித்த ஊர். இங்கே கச்சேரிக்குப் பஞ்சமே இல்லை. போன குளிர்காலத்தில் ஒரு சின்ன ஹாலில் பியானோ கச்சேரி, முழுக்க முழுக்க உக்ரைன் இசை. டிக்கெட் கிடையாது, வாசலில் உண்டியல் மட்டும். வாசித்தவர் 2022-இல் ரஷ்யா முழு அளவில் படையெடுத்த பிறகு கீவ் நகரத்திலிருந்து இங்கே வந்த ஒரு பெண்மணி. என்னோடு வந்தது என் வகுப்புத் தோழி. கார்கிவ்காரி.

நோட்டீஸில் கொட்டை எழுத்தில் 'மன உறுதியின் இசை' என்று போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததுமே தோழி முகத்தைச் சுளித்தாள்.

"இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் களைப்பாக வருகிறது."

கச்சேரி தொடங்கும் நேரம் என்பதால் பேச்சு அதோடு நின்றது.

முதலில் மிகோலா லிசென்கோ (1842-1912). உக்ரைன் இசையின் தந்தை என்று அவர்கள் கொண்டாடுகிறவர். இவரும் 1860களின் கடைசியில் இதே லைப்சிக்கில் படித்தவர்தான்! உக்ரைன் கிராமங்களில் கோப்சார் என்று பாணர்கள் உண்டு. பெரும்பாலும் கண் தெரியாதவர்கள். தந்தி வாத்தியத்தை மீட்டிக்கொண்டு பழைய வீரக் கதைகளை நீளமாகப் பாடுவார்கள். அந்தப் பாட்டுக்களைக் கேட்டு எழுதி வைத்தவர் லிசென்கோ. அன்று வாசித்த 'தும்கா-ஷும்கா' (1877) அந்த மண்ணிலிருந்து வந்தது. முதலில் நிதானமாக, யாரோ யோசித்து யோசித்துக் கதை சொல்வது போல. பிறகு திடீரென்று கால் தானாகத் தாளம் போடுகிற நடனம்.

இதற்கு ஒரு வருஷம் முன்னால், 1876-இல், ரஷ்ய ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் ஒரு ஆணை போட்டார். உக்ரைன் மொழியில் புத்தகம் அச்சிடுவதற்குக் கடுமையான தடை. இசைப் புத்தகத்தில் பாட்டின் உக்ரைன் வரிகளை அச்சிடக்கூட அனுமதி இல்லை. பியானோவுக்குத்தான் வரிகளே கிடையாதே, அதை எப்படித் தடை செய்வது? அன்று இதை யோசித்துக்கொண்டே கேட்டதில் நடனப் பகுதி இன்னும் குஷியாக இருந்தது :-)

அடுத்தது பார்வின்ஸ்கி. இருபது வயதில் பிராக் நகரத்தில் படிக்கும்போது எழுதிய பிரிலூடுகள். ஒவ்வொன்றும் சில நிமிஷம்தான். கேட்டால் எந்தக் கஷ்டமும் தெரியாது. நல்ல வீட்டில் வளர்ந்த ஒரு இளைஞனின் நிம்மதியான இசை.

அவர் பிறகு லிவிவ் நகரத்தில் இசைக் கல்லூரித் தலைவராக இருந்தார். 1948 ஜனவரியில் சோவியத் போலீஸ் அவரையும் அவர் மனைவியையும் கைது செய்தது. பத்து வருஷம் மொர்தோவியாவில் முகாம் வாழ்க்கை. அவருடைய கையெழுத்துத் தாள்களை எரித்துவிட்டார்கள். 1958-இல் வெளியே வரும்போது வயது எழுபது. லிவிவுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து, எரிந்து போனவற்றை ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்ப எழுத ஆரம்பித்தார். 1963-இல் இறந்து போனார். அடுத்த வருஷம் அரசாங்கம் அவர் மீதிருந்த குற்றச்சாட்டை ரத்து செய்தது. ரொம்ப சீக்கிரம்!

இடைவேளையில் பக்கத்து சீட்டுப் பெரியவர் என் தோழியிடம், "உங்கள் மக்களுக்கு என்ன ஒரு மன உறுதி!" என்றார். நல்ல மனுஷர், மனதாரத்தான் சொன்னார். அவள் சிரித்து நன்றி சொன்னாள். வெளியே வந்து காபி வாங்கும்போது என்னிடம் சொன்னாள்.

"உறுதி என்று சொல்லிவிட்டால் இவர்களுக்கு நிம்மதி. கார்கிவ் மெட்ரோ ஸ்டேஷனில் 2022 மார்ச் 26 அன்று கச்சேரி நடந்ததே, அந்த வீடியோவை உலகமே பகிர்ந்தது. அந்த மாதிரி ஸ்டேஷன் தரையில் மக்கள் எத்தனை நாள் படுத்துத் தூங்கினார்கள் என்று யாராவது கேட்டார்களா? என் அம்மா தூங்கினாள். அவளுக்கு உறுதியாக இருக்க ஆசை இல்லை. வீட்டில் தூங்கத்தான் ஆசை."

எனக்குப் பார்வின்ஸ்கி கணக்குப் புரிந்தது அப்போதுதான். எழுபது வயதில் ஒருவர் தான் முன்பே எழுதியதைத் திரும்ப எழுதினார் என்றால் நாம் கைதட்டுகிறோம். சரி. ஆனால் முகாமில் போன பத்து வருஷத்தில் அவர் எழுதியிருக்கக்கூடிய புது இசை எங்கே? ஞாபகத்துக்கு வராமலே போனவை எங்கே? கைதட்டும்போது எரித்தவனை மறந்துவிடுகிறோம். பழைய கதையும் இல்லை இது. 2022-இல் ரஷ்யப் படை பிடித்து வைத்திருந்த கெர்சோன் நகரத்தில், கச்சேரி நடத்த மறுத்த இசை நடத்துனர் யூரி கெர்பதென்கோ வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார் என்று உக்ரைன் கலாச்சார அமைச்சகம் அறிவித்தது.

இரண்டாம் பாதியில் வலென்டின் சில்வெஸ்ட்ரோவ். 1937-இல் கீவில் பிறந்தவர். 2022 மார்ச்சில், 84 வயதில், ஊரை விட்டுக் கிளம்பி பெர்லின் வந்து சேர்ந்தார். அவருடைய குட்டிக் குட்டி பியானோ இசைகள் காதில் விழுவதற்குள் முடிந்துவிடும் போல அத்தனை மெல்லிசாக இருந்தன. போர், வெற்றி, முழக்கம் எதுவும் இல்லை. ஹாலில் இருமக்கூட எல்லோரும் பயந்தார்கள். தோழி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

சரி, பார்வின்ஸ்கியின் இசையில் தப்பித்தது எப்படித் தப்பித்தது? அவர் ஞாபகம் ஒரு பாதி. இன்னொரு பாதி, வேறு யாரோ பிரதி வைத்திருந்தது. அச்சில் வந்தவை சில வெளிநாடுகளில் இருந்தன. தொலைந்தே போனது என்று நினைத்த அவருடைய பியானோ கான்செர்ட்டோ 1990களில் அர்ஜென்டினாவில் கிடைத்தது! எவ்வளவு தூரம் பாருங்கள். அதை அங்கே பத்திரமாக வைத்திருந்தவர் போரில் சண்டை போடவில்லை. தூக்கிப் போடாமல் இருந்தார், அவ்வளவுதான். பார்த்துக்கொண்டிருக்கும் நம்மைப் போன்றவர்களால் முடிந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன்.

தோழியின் அம்மா கார்கிவில் பள்ளிக்கூடப் பாட்டு டீச்சர். முப்பது வருஷமாகக் குழந்தைகளுக்காக எழுதிய பியானோப் பாடங்கள் நோட்டு நோட்டாக அவரிடம் இருக்கின்றன. வேறு பிரதி கிடையாது. இப்போது கரண்ட் இருக்கும்போதெல்லாம் பக்கம் பக்கமாக மொபைலில் படம் பிடித்து அனுப்புகிறார். சனிக்கிழமைகளில் நானும் தோழியும் உட்கார்ந்து அவற்றை நேராக்கி, நம்பர் போட்டு, மூன்று இடங்களில் சேமித்து வைக்கிறோம். எனக்கு அந்தப் புள்ளிகளைப் படிக்க வராது, நம்பர் மட்டும் போடுவேன். இதுவரை 140 பக்கம் ஆகியிருக்கிறது. இன்னும் நான்கு நோட்டுகள் பாக்கி.