ஒரு புள்ளியின் மதிப்பு

சிறியது என்று ஒன்றைத் தள்ளிவிடுவது எளிது. தமிழ் கற்றோர்க்கோ அது இயலாத செயல். தலைமேல் ஒரு புள்ளி ஏறினால் உயிர்மெய் மெய்யாகிவிடும் மொழியன்றோ நம் மொழி!

நான் பிறந்த ஊர் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் தோன்றிய ஊர் என்று உலகம் அதனைப் போற்றும். ஏடு தேடி அலைந்த உ.வே. சாமிநாதையர் எங்கள் ஊர்க் கவிராயர் இல்லங்களுக்கும் வந்தார். பத்துப்பாட்டுச் சுவடியைக் கண்டு மகிழ்ந்தார். 1889இல் அந்நூல் அவரால் அச்சேறியது. அக்காலத்து ஓலைகளில் பெரும்பாலும் புள்ளி இராது. எழுத்தாணி அழுந்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சி அதனை விடுத்தனர் என்பர். ரகரத்திற்கும் காலுக்கும் வடிவ வேறுபாடு இல்லை. ‘காடு’ என்பதோ ‘கரடு’ என்பதோ, ‘கொடு’ என்பதோ ‘கோடு’ என்பதோ, படிப்பவரே தேர்ந்து கொள்ள வேண்டும். எழுதியவர் இடாத ஒரு புள்ளிக்காகப் பதிப்பாசிரியர் பல இரவுகள் கண்விழித்தார்.

இதே சிக்கலை இந்நாளில் கணிப்பொறித் திரையில் காண்கின்றேன். திரையில் நாம் தொடும் சின்னஞ்சிறு படங்களை ‘ஐகான்’ என்கின்றனர். 1984இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணிப்பொறிக்கு அவற்றை வரைந்தவர் சூசன் கேர் என்னும் பெண்மணி. கட்டமிட்ட தாளில் அகலத்தில் 32, உயரத்தில் 32 என 1024 கட்டங்கள். ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை. நம் பெண்கள் புள்ளி வைத்துக் கோலமிடுவதைப் போன்ற பணி அது. அவ்வெல்லைக்குள் அவர் சிரிக்கும் கணிப்பொறியையும் குப்பைத் தொட்டியையும் வரைந்து காட்டினார்.

அப்படத்தையே 16க்கு 16 என்னும் அளவில் தர வேண்டின் கட்டங்கள் 256 ஆகச் சுருங்கும். பெரிய படத்தை அப்படியே குறுக்கினால் கோடுகள் கலங்கிச் சாம்பல் படலமாகும். ஆகவே தேர்ந்த ஓவியர் ஒவ்வோர் அளவிற்கும் புதிதாக வரைகின்றார். எதனை விடலாம், எதனை விடவே கூடாது என்று தேர்கின்றார். 1995இல் வந்த விண்டோஸில் குப்பைத் தொட்டி வெறுமையாகவும் இருக்கும், தாள் நிரம்பியும் இருக்கும். உள்ளே தெரியும் அச்சிறு தாள்கள், ‘நீ எறிந்தது இன்னும் இங்கேதான் இருக்கின்றது’ என்று நமக்குச் சொல்லும். நுணுக்கம் என்பது அணிகளை மேன்மேலும் ஏற்றுவதன்று. பொருளை வேறுபடுத்தும் கோட்டை வழுவாது இடுவதே நுணுக்கம்.

இன்றைய திரைகளில் பல இலட்சம் புள்ளிகள் உள்ளனவே, இனி இக்கவலை எதற்கு என்று வினவலாம். புள்ளிகள் பெருகின, பார்க்கும் கண் பெருகவில்லை. எங்கள் ஊரில் சிறுகடை வைத்திருக்கும் என் பெரியம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கைப்பேசியில் பணம் அனுப்புவதும் பெறுவதும் படம் பார்த்தே. அவர் பயன்படுத்திய செயலி ஒன்றில் ஒருநாள் படங்கள் மாறின. அனுப்புவதற்கும் பெறுவதற்கும் வேறுபாடு ஓர் அம்புமுனை மட்டுமே. அதுவும் மெலிந்து மங்கியிருந்தது. “எது போறது, எது வர்றதுன்னு தெரியலையே, ராசா!” என்று என்னிடம் கைப்பேசியை நீட்டினார். அன்று முழுவதும் அவர் ரொக்கம் மட்டுமே வாங்கினார். ஓர் அம்புமுனை மங்கியதால் ஒருவர் தம் கைப்பொருளைத் தாமே கையாளும் உரிமையை அன்று இழந்தார்.

எழுத்தறிந்தவர்க்குப் படம் அழகு; எழுத்தறியாதவர்க்கு அதுவே எழுத்து. இன்று நம் மாணவர் பலர் தமிழோடு கணிப்பொறியும் பயில்கின்றனர். நாளை அவர்கள் வரையப்போகும் படங்களை யாரோ ஒரு முதியவர் கண்ணை இடுக்கிப் பார்ப்பார். ஏட்டில் விடுபட்ட புள்ளியைத் தேடித் தர ஓர் ஐயர் வந்தார். திரையில் விடுபடும் புள்ளிக்கு அப்படி ஒருவர் வரமாட்டார். வரைபவரே அதனை இட்டாக வேண்டும்.