உச்சி இல்லாத மலை

ஈப்போ புந்தோங்கில் பாட்டி வறுத்துத் தந்த கச்சானைத் தின்று வளர்ந்தவன் நான். பிறகு, அதே கச்சானில் நச்சு தேடுவதே வேலையாயிற்று.

1960இல் இங்கிலாந்தில் கடலைத் தீவனம் தின்ற வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் செத்தன. அதைத் துருவியபோது அகப்பட்டதுதான் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு. புற ஊதா ஒளி பட்டால் நீலமாகவோ பச்சையாகவோ ஒளிரும். திரவக் குரோமட்டோகிராபியில் பிரித்தெடுத்து, அந்த ஒளியைத்தான் அளக்கிறோம்.

சேர்ந்த புதிதில், துளியூண்டு நச்சும் தப்பக்கூடாதென்று கருவியின் கெயினை உச்சத்தில் வைத்தேன். ஒரு மாதிரிக்கு வரைகோடு மலையாக எழுந்து, தலை சீவியதுபோல் தட்டையாக நின்றது. கணினி ஓர் எண் தந்தது. எழுதிக்கொண்டேன்.

"மலைக்கு உச்சி எங்க தம்பி?" என்றார் மேற்பார்வை பார்த்த அக்கா.

வெளிச்சம் அளவு மீறினால், கருவி தன் உச்சத்தையே திரும்பத் திரும்பச் சொல்லும். பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டினோம். உண்மை, என் எண்ணைப்போல் நான்கு மடங்கு. அந்த அறிக்கை போயிருந்தால், யாரோ ஒரு பிள்ளை அந்தக் கச்சானைத் தின்றிருக்கும்.

சில ஆய்வகங்களில் ஒளியையே பிரிக்கிறார்கள். பெரும்பங்கு ஓர் உணரிக்கு, நூற்றில் ஒரு பங்கு இன்னொன்றுக்கு. முதலாவது கண் கூசி நிற்கையில் இரண்டாவது நிதானமாக அளக்கும். அதை நூறால் பெருக்கிக்கொள்ளலாம்.

கூர்மையான ஒரு கண் போதுமென்று நினைத்திருந்தேன். இப்போது கையெழுத்துப் போடுமுன், மலைக்கு உச்சி இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன்.